சண்டைக்கு ஒரு மாத்திரை

என் குரல் போய்விட்டது என்று தெரிந்தபோது எனக்கு வந்த முதல் கவலை, இனிமேல் என் நாத்தனாரோடு சண்டை போட முடியாதே என்பதுதான். கை நடுக்கம், இழுத்து இழுத்து நடக்கிற நடை, ஜாக்கெட் கொக்கி மாட்ட வராதது எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கொருக்குப்பேட்டையில் ரயில்வே லைனை ஒட்டிக் குடியிருக்கிறவர்களுக்கு இது புரியும். எங்கள் சந்தில் தண்ணீர் லாரி வந்தாலும் குரல் வேண்டும், குப்பை வண்டி வராவிட்டாலும் குரல் வேண்டும். கூட்ஸ் வண்டி போகும்போதும் பேச்சை நிறுத்தாதவளைத்தான் இங்கே ஆளாக மதிப்பார்கள். நான் அதில் கெட்டிக்காரி. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பள்ளிக்கு வெளியே ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் வண்டிகள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே என் 'அட்டென்ஷன்' கேட்கும். விசில் கழுத்தில் சும்மா தொங்கும்.

நாத்தனார் என் வீட்டுக்காரரின் அக்கா. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. அக்கா மட்டும் இரண்டு வீடு தள்ளி அப்படியே இருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அவளை அண்ணி என்று கூப்பிடுகிறேன், அவள் என்னை டீச்சரு என்று கூப்பிடுகிறாள். இரண்டிலும் மரியாதை கிடையாது. ஆனாலும் கணக்கு சமமாகத்தான் இருந்தது. அவள் ஒன்று சொன்னால் நான் ஒன்று சொல்வேன், சந்து சிரிக்கும், சாயங்காலம் ஒருத்தி வீட்டுக் குழம்பு இன்னொருத்தி வீட்டுக்குப் போகும்.

அந்தச் சமம் கெட்டது அவள் பேரனின் காது குத்தில். எனக்கு அப்போது வியாதி இருப்பதே தெரியாது. பந்தலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மனசுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவள் வந்து என் முன்னால் நின்று சத்தமாகச் சொன்னாள்: "மூஞ்சப் பாரு. காது குத்துக்கு வந்த மாறியா கீது? கருமாதிக்கு வந்த மாறி கீது." திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. முகத்திலாவது கோபத்தைக் காட்டலாம் என்று பார்த்தேன், முகமும் அசையவில்லை. எனக்குத் திமிர் என்று அன்றைக்கே சந்து முடிவு செய்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரம்மா என்னை நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். நான் எழுதிய எழுத்து போகப் போக எறும்பு அளவுக்குச் சுருங்கியதைப் பார்த்துவிட்டு, பார்க்கின்சன் வியாதி என்றார். மூளையில் சுரக்க வேண்டிய ஒன்று குறைந்துபோய்விட்டது, அது இல்லாமல் கை, கால், முகம், குரல் எதுவும் சொன்ன பேச்சைக் கேட்காது, மாத்திரை அதை வெளியிலிருந்து கொண்டுபோய்ச் சேர்க்கும். தீராது, சமாளிக்கலாம். "குரல் எல்லாருக்கும் மாத்திரையால திரும்பாதும்மா. பாப்போம்" என்றார்.

அதற்கப்புறம் சட்டங்களைச் சொன்னார். நேரம் தவறக்கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், தண்ணீரோடு. கறி, முட்டை, பால், பருப்பு எதையும் விட வேண்டாம், ஆனால் மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மாத்திரை உள்ளே போய்ச் சேர விடாமல் அவை இடம் பிடித்துக்கொள்ளும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகப் போடக்கூடாது. கூடிப்போனால் உடம்பு தானாக நெளியும், தலை கிறுகிறுக்கும், இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். உட்கார்ந்த இடத்திலிருந்து மெல்ல எழ வேண்டும். வேறு எந்த மாத்திரையையும் கேட்காமல் போடக்கூடாது. கடைசி சட்டத்துக்கு மட்டும் விரலை ஆட்டினார். "என்ன ஆனாலும் நீங்களா நிறுத்திடக் கூடாது. திடீர்னு நிறுத்தினா உடம்பு விறைச்சுக் காய்ச்சல் வந்துடும். உயிருக்கே ஆபத்து."

எனக்கு அவரைப் பிடித்துப்போனது. வருஷக்கணக்கில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தியவளுக்கு இப்படிப்பட்ட சட்டங்கள் கஷ்டமில்லை.

மாத்திரை வேலை செய்தது. ஒரு நாள் காலையில் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து, குளிக்கப் போன மகனைக் கூப்பிட்டேன். சோப்பு முகத்தோடு வெளியே ஓடி வந்தான். "இன்னாம்மா, பழைய மாறி கத்துற?" என்றான். அவனுக்குக் கண்ணில் தண்ணீர். சோப்பு என்று சொல்லிக்கொண்டான். எனக்கு அண்ணி ஞாபகம்தான் வந்தது. காது குத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது பாக்கி இருந்தது.

ஆனால் குரலோடு வாந்தியும் வந்தது. புது மருந்துக்குச் சிலருக்கு ஆரம்பத்தில் அப்படி இருக்கும், வந்தால் என்னிடம் வந்து சொல்லுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். டாக்டரம்மாவுக்கு முன்னால் டின் வந்துவிட்டது.

அந்த டின்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய பிஸ்கட் டின். மூடியில் இருந்த படம் தேய்ந்து வெறும் தகரமாகிவிட்டது. உள்ளே சந்தில் யார் யாருக்கோ எப்போதோ வாங்கி மிச்சமான மாத்திரைகள். ஒருவர் குணமானாலும் மிச்சம் அண்ணியிடம் வரும், செத்தாலும் மிச்சம் அண்ணியிடம் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்கிறவர்கள் அவள் வாசலில்தான் வந்து கையை நீட்டுவார்கள். அவளும் ராசி, கலர், ஞாபகம் மூன்றையும் வைத்துக் கொடுப்பாள், ஒருவரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். சந்துக்கு அவள் ஒரு உதவிதான். அதை நான் மறுக்கவில்லை. அதற்காக அவளை விட்டுவிடவும் நான் தயாரில்லை.

"இன்னாடி டீச்சரு, வாந்தியா?" என்று வந்தாள். "இந்தா, இத்த போடு. எங்க வூட்டுக்காரருக்கு இதான் கேட்டுச்சு. ஒண்ணு உள்ள போச்சுன்னா கப்சிப்புனு நின்னுடும்."

டாக்டரைக் கேட்க வேண்டும் என்று சொன்னேன். வாந்தியெடுத்து ஓய்ந்த வாயில் உதடுதான் அசைந்தது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். இரண்டு விரலால் என் வாயைத் திறந்து மாத்திரையை வைத்து, சொம்புத் தண்ணீரை ஊற்றி, தாடையைப் பிடித்து மேலே தூக்கினாள். அந்த விரல்களில் வெங்காய வாசனை. அது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அட்டையை என் மகன் கையில் கொடுத்து மூன்று வேளையும் போடச் சொன்னாள். அவன் எண்ணூர்ப் பக்கம் கண்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். அத்தை சொன்னதைச் செய்துவிட்டு ஓடினான்.

வாந்தி நின்றது. அதோடு எல்லாம் நின்றது. வாசற்படிக்கு முன்னால் வந்தால் கால் தரையை விட்டு எழவில்லை. கரண்டியைத் தூக்கினால் கை பாதி வழியில் நின்றுவிட்டது. எச்சிலை விழுங்கக்கூட யோசிக்க வேண்டியிருந்தது. அண்ணி என்னைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்: "அந்த டாக்டரு மாத்திரதான்டா இவள கட்டையாக்கிடுச்சு. மொதல்ல அத்த நிறுத்து." அவளே என் அலமாரியைத் திறந்து என் மாத்திரை அட்டைகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய் டின்னில் போட்டுக்கொண்டாள். அவள் கொடுத்த வாந்தி மாத்திரையை மட்டும் எனக்கு விட்டுவிட்டுப் போனாள்.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கத்த முடியவில்லை, கையைத் தட்டிவிட முடியவில்லை, முறைக்கக்கூட முடியவில்லை. என் வாழ்க்கையில் அவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை, அவ்வளவு சாந்தமாக நான் எப்போதும் தெரிந்ததும் இல்லை.

அப்புறம் காய்ச்சல் வந்தது. உடம்பு விறைத்துக்கொண்டது. மகன் என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டதும், ரயில்வே கேட் மூடியிருந்ததும், அவன் கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்று யாரையோ அம்மா, அக்கா என்று குடும்பத்தையே இழுத்துத் திட்டியதும் அரைகுறையாக ஞாபகம் இருக்கிறது. டாக்டரம்மா என்னைப் பார்த்ததும் அவனிடம் திரும்பினார். "வேற என்ன மாத்திரை கொடுத்தே?" அவன் விழித்தான். "போய் வீட்டுல இருக்குற எல்லா மாத்திரையும் கொண்டு வா" என்றார். அவன் போய், வீட்டில் இருந்த வாந்தி மாத்திரை அட்டையையும் உள்ளே போட்டு, டின்னையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

டாக்டரம்மா டின்னுக்குள் கையை விட்டு இரண்டு அட்டைகளை எடுத்தார். ஒன்று என்னுடையது, இன்னொன்று அண்ணியுடையது. "மத்தவங்களுக்கு இது சாதாரண வாந்தி மாத்திரை. உங்க அம்மாவுக்கு ஆகாது. நாங்க எதை உள்ள கொண்டுபோறோமோ அதை இது வேலை செய்ய விடாது. அதுக்கு மேல நீங்க மருந்தையும் நிறுத்திட்டீங்க. இன்னும் தாமதமா வந்திருந்தா கையில கிடைச்சிருக்கமாட்டாங்க." மகன் தலை குனிந்துகொண்டான். நான் கட்டிலில் கிடந்தபடி அந்த வார்த்தைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன். பின்னால் தேவைப்படும் என்று தெரியும்.

மருந்தை மறுபடி ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இறங்கியது, கை கால் மெல்ல இளகியது. வாந்திக்கு என் வியாதியோடு மோதாத வேறொன்றை அவரே கொடுத்தார். வயிறு பிரட்டினால் மாத்திரையோடு ஒரு ரஸ்க் கடித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். வீட்டுக்குத் திரும்பி வந்தபோது சந்து முழுக்க என்னைப் பார்க்க வந்தது. அங்கேதான் அந்தக் கதையை முதன்முதலாகக் கேட்டேன்.

"நான் மட்டும் அந்த மாத்திரய நிறுத்தலன்னா இந்நேரம் போட்டோல மால தொங்கிக்கினு இருக்கும்" என்று அண்ணி என் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, என் கால்மேலேயே கையை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆஸ்பத்திரில இன்னா பண்ணாங்க? சும்மா தண்ணி ஏத்தி அனுப்பிட்டாங்க." சந்து அவளைக் கும்பிடாத குறை. என் மகன் அங்கேயேதான் நின்றான். டாக்டரம்மா சொன்னதை அவன் வாயைத் திறந்து சொல்லவில்லை. அத்தை மனசு கஷ்டப்படும் என்று விட்டுவிட்டானாம். அதோடு நிற்காமல், கேட்காமல் எடுத்துப் போனதற்கு மன்னிப்புக் கேட்டு டின்னையும் அவளிடமே திருப்பிக் கொடுத்தான்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இவளை விடக்கூடாது.

ஆனால் இதற்குமேல் ஒன்று நடந்தது. என் விரலால் அட்டையைக் கிழித்து மாத்திரையை எடுக்க முடியாது, கீழே விழுந்து உருண்டுவிடும். மகன் வேலைக்குப் போய்விட்டால் யார் எடுத்துக் கொடுப்பது? "அத்த பாத்துக்கும்மா" என்றான். என் மாத்திரைகள் மறுபடி அவள் வீட்டுக்குப் போயின. இந்தத் தடவை அவள் நிறுத்தவில்லை, ஒழுங்காகக் கொண்டுவந்தாள். ஆனால் எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு டம்ளர் பாலோடு. ஞாயிற்றுக்கிழமை மாத்திரம் போதாதென்று வாரத்தில் நடுவிலும் ஆட்டுக்கால் சூப். "வெறும் வயித்துல மாத்திர போட்டா கொடல் வெந்துபூடும். துன்ட்டுதான் போடணும். சூப்பு குடி, தெம்பு வரும்." மாத்திரை உள்ளே போகும், ஆனால் வேலை செய்யாது. குரல் வராது. அந்த அநியாயத்தைச் சந்திக்குக் கொண்டுவர எனக்குக் குரல் வேண்டும், அந்தக் குரலை அவள் தினமும் பாலில் கரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சந்தில் ஒருத்தியாவது என் பக்கம் வந்திருப்பாள்.

மகனிடம் கிசுகிசுத்துப் பார்த்தேன். போனைப் பார்த்துக்கொண்டே சரிம்மா சரிம்மா என்றான். ஒரு நாள் சட்டையைப் பிடித்து இழுத்தேன். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டு, "நீ நல்லாத்தானம்மா கீற? கோவமாவே இல்லியே" என்றான். உள்ளே எரிந்துகொண்டிருந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தேன். அன்றைக்கு அவனுக்கு லீவு. முந்தின சாயங்காலமே அட்டை எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அன்று ஆண்களும் பெண்களும் சந்தில்தான் இருப்பார்கள், தண்ணீர் லாரியும் வரும். அண்ணி டின்னை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பாள். பழி வாங்குவதற்கும் நேர அட்டவணை வேண்டும், அது எனக்குக் கைவந்த வேலை.

காலையில் பல் விளக்கியதும் மகனிடம் மாத்திரை வேண்டும் என்று கையை நீட்டினேன். அவன் புளியந்தோப்புக்குக் கறி வாங்கக் கிளம்பிக்கொண்டிருந்தான். மத்தியானத்துக்கும் சேர்த்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டும் என் கையில் நடுங்கிக்கொண்டிருந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், இரண்டையும் போட்டுவிடலாம் என்று தோன்றியது. ஒன்றுக்கு இவ்வளவு குரல் என்றால் இரண்டுக்கு எவ்வளவு? கேட்டைத் தாண்டிக் கேட்குமே! அப்புறம் டாக்டரம்மாவின் விரல் ஞாபகம் வந்தது. இரண்டு போட்டால் குரல் இரண்டாகாது. சந்து நடுவில் உடம்பு நெளிந்து, இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு நிற்பேன். அண்ணிக்கு ஓசியில் சினிமா. ஒன்றைச் சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடி வைத்தேன். மற்றொன்றை வெறும் தண்ணீரோடு விழுங்கினேன். பக்கத்து வீட்டில் பால் பொங்கும் வாசனை வந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் விரல்கள் இளகின. அப்புறம் தோள். "அட்டென்ஷன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அலமாரிக் கதவில் பட்டுத் திரும்பியது. மெல்ல எழுந்து, தலை சுற்றவில்லை என்று பார்த்துக்கொண்டு, படியைத் தாண்டி வெளியே போனேன்.

அண்ணி வாசலில் இருந்தாள். முன்னால் இரண்டு மூன்று பேர். நான் போய் நேருக்கு நேர் நின்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்துக் கேட் மணி அடித்தது, கூட்ஸ் வந்துவிட்டது. நிலக்கரி வண்டி. அது மெதுவாகப் போகும், போய்க்கொண்டே இருக்கும். சந்து முழுக்க அதிர்ந்தது. பழைய குரலாக இருந்தால் அதற்கு மேலே கத்தியிருப்பேன். இந்தக் குரல் அவ்வளவுக்குத் தாங்காது, வீணாகிவிடும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாத்திரையின் நேரம் ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி நான் சும்மா நிற்பதைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவளுக்கு என்னைக் காட்டி ஏதோ சொல்லி, என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள். ரயில் சத்தத்தில் அவள் சொன்னது கேட்கவில்லை. கேட்காமலேயே அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

கடைசிப் பெட்டி போனது.

"எம் மாத்திரைய இனிமே நீ தொடக் கூடாது."

அண்ணி என்ற வார்த்தை இல்லாமல் நான் அவளோடு பேசியது அதுதான் முதல் தடவை. சந்து திரும்பியது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போனவள் குடத்தோடு நின்றாள்.

"ஐய, பேசுது பாரு!" என்றாள் அண்ணி. ஒரு நொடி அவளுக்கே சந்தோஷம். "யாரு குடுத்த சூப்புடி அது, வாய் வந்துக்கீது?"

"இன்னிக்கு உன் சூப்பு குடிக்கல. அதான் வந்துக்கீது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அண்ணியின் முகம் மாறியது. அவள் முகம் மாறுவதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்லி முடியாது.

"தொற அந்த டின்ன" என்றேன். மைதானத்துக் குரல். எத்தனையோ பிள்ளைகள் யோசிக்காமல் அந்தக் குரலுக்குக் கட்டுப்பட்டிருக்கிறார்கள். அவளும் யோசிக்காமல் திறந்துவிட்டாள்.

முதல் அட்டையை எடுத்தேன். "இது யாருது?"

"அது... கோடி வூட்டுக்காரரு. மூட்டு வலிக்கு."

"அவரு எங்க?"

"போய்ட்டாரு" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார்.

"இது?"

"எங்க வூட்டுக்காரரோடது. சக்கரைக்கு."

"அவரு எங்க?"

அவள் வீட்டுக்குள் மாலை போட்டிருந்த போட்டோவைத் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவதை எடுத்துத் தூக்கிப் பிடித்தேன். என் கை நடுக்கத்தில் அட்டை படபடவென்று ஆடியது. "இத்த எல்லாரும் நல்லா பாத்துக்கோங்க. இது மத்தவங்களுக்கு வாந்தி மாத்திர. எனக்கு ஆவாது. இத்த எம் வாயத் தொறந்து போட்டு என்னை கட்டையாக்கினது இவ. எம் மருந்த எடுத்துக்கினு போயி காச்சல்ல சாவக் கெடத்தினது இவ. ஊரெல்லாம் நான்தான் பொழைக்க வெச்சேன்னு சொல்லிக்கினு திரியறதும் இவ."

"பொய்யி!" என்று அவள் எழுந்தாள். "கேளுங்க, எந்த டாக்டரு சொன்னான்?"

என் மகன் அப்போதுதான் கறிப் பையோடு சந்துக்குள் வந்துகொண்டிருந்தான். நான் கையை அவன் பக்கம் நீட்டினேன். சந்து முழுக்க அவனைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான், அத்தையைப் பார்த்தான், கறிப் பையைப் பார்த்தான்.

"ஆமா அத்த" என்றான். "டாக்டரம்மா அதான் சொன்னாங்க. நான்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

அவனையும் சேர்த்துத்தான் நான் பழி வாங்கினேன். அவனுக்கும் அது தெரியும்.

அண்ணி டின்னை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை, இரண்டு மூன்று தடவை அழுத்தினாள். ஆனாலும் அவள் என் அண்ணி, சும்மா போவாளா? சந்தைப் பார்த்துச் சொன்னாள்: "இவ்ளோ பேசுறாளே, மூஞ்சில எதுனா கீதா பாரு? கோவம் கீதா? அழுவ கீதா? கல்லு. இவளுக்கு மனசே கெடயாது."

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் குரல் இறங்க ஆரம்பித்துவிட்டது. மிச்சம் இருந்ததைச் செலவழிக்காமல் திரும்பி நடந்தேன். கல்லு என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே மகன் நாளுக்கும் வேளைக்கும் தனித்தனி அறை வைத்த ஒரு பிளாஸ்டிக் பெட்டி வாங்கி வந்தான். வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை அதை நிரப்பி வைக்கிறான். நான் அட்டையைக் கிழிக்க வேண்டாம், மூடியைத் தள்ளினால் போதும். போனில் வேளைக்கு வேளை விசில் சத்தம் அடிக்க வைத்துக் கொடுத்தான். என் மாத்திரை என் கைக்கு வந்தது. ஆட்டுக்கால் சூப்பை நான் விடவில்லை, அதற்கான நேரத்தில் நானே வைத்துக் குடிக்கிறேன். அண்ணி வீட்டிலிருந்து எதுவும் வருவதில்லை, இங்கிருந்தும் எதுவும் போவதில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் குறையாகத்தான் இருந்திருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலை தண்ணீர் லாரியின் பின்னால் அண்ணி குடத்தோடு உட்கார்ந்துவிட்டாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது. என் கையைவிட அதிகமாக அவள் கை நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அப்போது மாத்திரை வேலை செய்துகொண்டிருந்த நேரம். "இன்னா போட்ட?" என்று கேட்டேன். உடம்பு அசதியாக இருக்கிறது, சக்கரையாகத்தான் இருக்கும் என்று அவளாகவே முடிவு செய்து, வீட்டுக்காரரின் மாத்திரையை டின்னிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்குப் பாலும் சூப்பும் ஊற்றி ஊற்றிக் கெடுத்தவள், சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டிய மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டிருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். அவளுக்கு நினைவு இருந்தது, விழுங்கினாள். கொஞ்சம் தெளிந்ததும் மகன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அவளுக்கு நிஜமாகவே சக்கரை இருந்தது, பிரஷரும் இருந்தது. வேறு மாத்திரை, வேறு அளவு. யாராவது பக்கத்தில் இருந்து வேளைக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மகள் இருப்பது ஆவடியில். என் மகன் கொஞ்சமும் யோசிக்காமல், முன்னால் சொன்ன அதே மாதிரி சொன்னான்: "அம்மா பாத்துக்கும் அத்த."

இப்போது அண்ணியின் மாத்திரைகள் என் வீட்டில் இருக்கின்றன. அவளுக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. காலையில் அவள் இட்லியைச் சாப்பிட்டு முடிக்கும்போது நான் போய் முன்னால் நிற்பேன். கையில் கொடுக்கமாட்டேன், கையில் கொடுத்தால் டின்னுக்குப் போய்விடும். என் எதிரில் விழுங்க வேண்டும். காப்பியில் சர்க்கரை போட்டிருக்கிறாளா என்று ஒரு வாய் குடித்துப் பார்ப்பேன். டின்னைப் பற்றி தினமும் ஒரு வார்த்தை கேட்பேன். மழை பெய்தாலும் போவேன், கேட் மூடியிருந்தாலும் சரி, கூட்ஸ் போனாலும் சரி, ஒரு வேளை தவறியது கிடையாது. என் கால் நகராத நாளில்கூட மகனைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவள் என்னை நம்பவில்லை, அது அவள் கண்ணில் தெரியும். அவளாக இருந்தால் என்ன செய்திருப்பாளோ அதை நான் செய்வேன் என்று நினைக்கிறாள். செய்யலாம். ஒரு வேளை மாற்றிக் கொடுத்தால் போதும். ஆனால் அதெல்லாம் சின்னப் பழி. இவள் நன்றாக இருக்க வேண்டும், சக்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், தொண்ணூறு வயது தாண்ட வேண்டும். ஒவ்வொரு நாளும் காலையில் என் முன்னால் வாயைத் திறக்க வேண்டும்.

முந்தாநாள் வாயைத் திறக்காமல் என்னையே உற்றுப் பார்த்தாள்.

"உள்ளுக்குள்ள சிரிக்கிற இல்ல நீ?" என்றாள்.

"மூஞ்சில எதுனா தெரியுதா, அண்ணி?"

நெற்றி, கண், உதடு என்று ரொம்ப நேரம் தேடினாள்.

"இல்ல" என்றாள்.

"அப்ப வாயத் தொற."